ஊதா உப்பு

வேல்ராஜ் செய்த உப்புக்குக் காலையில் ஒரு நிறம், உச்சி வெயிலில் ஒரு நிறம். விடியும்போது கத்தரிப்பூ மாதிரி ஊதாவாக இருக்கும். மொட்டை மாடியில் வெயில் ஏறி, வெறுங்காலை ஊன்ற முடியாத சூடு வந்ததும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்தால் பழையபடி ஊதா. இதில் மந்திரமும் கிடையாது, மாயமும் கிடையாது. ஆனாலும் அவன் மனைவி ராமலட்சுமி அந்தப் பீங்கான் கிண்ணத்தை ஓர் எட்டுத் தள்ளியே சுற்றிக்கொண்டு போவாள்.

"இது என்ன எழவு உப்போ தெரியல. வத்தல் காயுத இடத்துலதான் இதையும் வைக்கணுமாக்கும்?"

"காலேஜ்ல ஓவன் ரிப்பேராகி ரெண்டு வருஷம் ஆச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு மேல எந்த ஓவன் காய வைக்கும், சொல்லு."

"சோத்துல விழுந்துராமப் பாத்துக்கிடுங்க. அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன்."

வேல்ராஜ் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். வயது நாற்பத்து மூன்று. டாக்டர் பட்டத்துக்குப் பகுதிநேர ஆராய்ச்சியாளனாகப் பதிவு செய்து எட்டு வருஷம் ஓடிவிட்டது. 'தொண்ணூற்றொன்பது மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து' என்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம் அவன் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கியது. அவனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த நாலு பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். அந்த நாலு பேரும் அவனை 'வாங்க டாக்டரே' என்று கூப்பிட்டு, காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். அந்தக் காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அவன் செய்தது ஒன்றும் சின்னக் காரியமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் ஆராய்ச்சி காந்தத்தைப் பற்றியது; ஆனால் மண்ணைத் தோண்டி எடுக்கிற காந்தக் கல்லை அவன் தொடவில்லை. மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக எடுத்துக் கோத்து, தனக்கு வேண்டிய குணத்தோடு ஒரு பொருளையே கட்டி எழுப்பினான். கோவில்பட்டி ஸ்டேஷனில் நிற்கிற கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். ஒவ்வொரு பெட்டியும் ஓர் இரும்பு அணு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் மும்மூன்று கொக்கிகள். கரியும் நைட்ரஜனும் சேர்ந்த குட்டி வளையங்கள்தான் அந்தக் கொக்கிகள். சூட்டில் ஒரு பெட்டி விரிந்தால், கொக்கி இழுத்து அடுத்த பெட்டியும் விரியும், அப்படியே வண்டி முழுக்க மாறிவிடும். குளிர்ந்து கிடக்கும்போது இரும்புக்குள் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக அடங்கியிருக்கும். காந்தம் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. சூடேறியதும் ஜோடி பிரிந்து நிற்கும். அப்போது காந்தம் இழுக்கும். நிறமும் கூடவே மாறும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அது வெளுப்பது ஒரு சூட்டில், திரும்ப ஊதாவாவது அதைவிடக் குறைந்த இன்னொரு சூட்டில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது, தான் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதை அந்தப் பொருள் ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகத்தை ஒளியைப் பாய்ச்சி மாற்ற முடியுமா? பெரிய பெரிய நாடுகளில் பெரிய பெரிய ஆட்கள் இந்தக் கேள்வியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஊரில் ஒருத்தன் அதைக் கிண்ணத்தில் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருமை அவனுக்கு இருந்ததில் என்ன தப்பு?

தப்பு வேறொரு இடத்தில் இருந்தது. இந்தக் கூட்ஸ் வண்டி தனியாக நிற்காது. மின்சுமையைச் சரிக்கட்டப் பக்கத்தில் துணைக்கு இன்னோர் உப்பின் அயனி உட்கார வேண்டும். துணையை மாற்றினால் நிறம் மாறுகிற சூடும் மாறும். எட்டு வருஷமும் அவன் துணையைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒன்று கொதிக்கிற தண்ணீரில்தான் வெளுத்தது. ஒன்று ஐஸ் பெட்டிக்குள் வைத்தால்தான் ஊதாவானது. கடைசியில் பெர்குளோரேட்டை உட்காரவைத்தான். சொல்லிவைத்த மாதிரி முப்பத்தைந்து டிகிரியில் வெளுத்தது.

வேறு ஊரில் பிறந்திருந்தால் அவன் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருப்பான்.

அவன் அப்பா உச்சிமாகாளி, தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கியவர். தீக்குச்சித் தலையில் முக்குகிற கலவைக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர், தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்று பெயர். குளோரேட் ஒரு ரூமில் இருக்கும், கந்தகம் வேறொரு ரூமில் இருக்கும். இரண்டையும் சேர்க்கிற இடத்தில் ஈரம் வற்றக் கூடாது. இந்த இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டுதான் அந்த ஊர் மூன்று தலைமுறையாக நெருப்போடு குடித்தனம் நடத்துகிறது. சேர்த்தால்தான் ஆபத்து, தனியாக இருக்கிற எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளோரேட் மூட்டை மேலேயே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. பெர்குளோரேட் அந்தக் குளோரேட்டைவிடவும் சாது என்று வேட்டுக்காரர்கள் சொல்லி வேல்ராஜ் கேட்டிருக்கிறான்.

புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. இந்த மாதிரிச் சேர்மங்களில் பெர்குளோரேட்டை வைத்தால் உலர்ந்த நிலையில் உரசலுக்கே வெடிக்கலாம், மிகக் குறைந்த அளவுதான் செய்ய வேண்டும் என்று இரண்டு வரி. வேல்ராஜ் வாசித்தான். வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"மருந்தைக் கண்ணால பாக்காத பய எவனோ எழுதியிருக்கான்" என்று பக்கத்தைப் புரட்டினான். புரட்டிய நேரம் நல்ல நேரமில்லை.

காந்த குணத்தைத் துல்லியமாக அளக்கிற இயந்திரம் கோவில்பட்டியில் ஏது? பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது. அதை ஓட்டுகிறவள் செண்பகவல்லி. பசுவந்தனை ரோட்டில் வேல்ராஜ் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வளர்ந்தவள்; முப்பத்தொரு வயது. அவள் அம்மா சுப்புத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கி, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகித்தான், மகளைப் படிக்கவைத்தாள். நாடு முழுவதுமிருந்து மாதிரிகள் வந்து அந்த இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் காத்துக் கிடக்கும். 'அண்ணாச்சிக்கு இல்லாத இடமா, அனுப்புங்க, நடுவுல சொருகிருதேன்' என்று அவள் எழுதியிருந்தாள்.

கூடவே ஒரு படிவமும் அனுப்பியிருந்தாள். 'வெடிக்கும் தன்மை உண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. வேல்ராஜ் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பொய் சொல்லவில்லை, அப்போது அவன் அப்படித்தான் நம்பினான். தனியாக ஒரு கடிதமும் வைத்தான். 'துணைக்கு இருப்பது பெர்குளோரேட். நம் ஊர்ப் பிள்ளைக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒளிச் சோதனைக்கு முன்னால் மட்டும் நன்றாக நைசாக அரைத்துக்கொள். ஒளி துகளின் மேல்தோலைத் தாண்டி உள்ளே போகாது. துகள் பெரிதாக இருந்தால் ஒன்றும் தெரியாது.' இரண்டு கிராம் உப்பைக் குப்பியில் அடைத்து, பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை கூரியரில் போட்டான்.

வியாழக்கிழமை காலையில் நாகலாபுரத்திலிருந்து ராமலட்சுமியின் தம்பி அழகிரிசாமி மல்லி மூட்டை கொண்டுவருவதாக இருந்தது. அதைக் காயப்போட மாடியில் இடம் ஒதுக்க வேண்டும். பீங்கான் கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை உப்பு ஒட்டிக்கிடந்தது.

"அதைச் சுரண்டி அந்தச் சின்ன பாட்டில்ல போட்டுரு" என்று கீழேயிருந்து வேல்ராஜ்தான் சொன்னான், முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே.

ராமலட்சுமி சத்துணவு மையத்தில் அமைப்பாளர். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவது அவளுக்குப் பெரிய வேலையா? எவர்சில்வர் கரண்டியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

ஒரு சத்தம். ஓலைவெடி காதுக்குள் வெடித்த மாதிரி. தெருவில் இருந்த காக்கை அத்தனையும் எழும்பிவிட்டது. வேல்ராஜ் சோப்பு நுரையோடு மாடிக்கு ஓடியபோது கிண்ணம் நாலு துண்டாகக் கிடந்தது. கரண்டியைக் காணோம், அது அடுத்த வீட்டு மாடியில் போய் விழுந்திருந்தது. ராமலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கட்டைவிரலை வலது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். விரல் நடுவே ரத்தம் வடிந்தது.

"யம்மா... காது கேக்க மாட்டேங்குதுங்க. ஐயையோ, காது கேக்க மாட்டேங்குது!"

அவளைக் கீழே இறக்கி, விரலைக் கழுவி, பீங்கான் துண்டைப் பிடுங்கிக் கட்டுப் போட்டான். நல்லவேளை, கால் மணி நேரத்தில் காது திறந்துவிட்டது. அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் மறுபடி மாடிக்குப் போய் அந்தத் துண்டுகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஊரில் அதை ஒரு ரூமில் வைப்பார்கள், இதை ஒரு ரூமில் வைப்பார்கள். இவன் இரண்டையும் ஒரே துகளுக்குள் குடிவைத்திருந்தான். கொக்கியாக மாட்டிய வளையம் எரிகிற சாமான். துணைக்கு உட்காரவைத்தது எரிக்கிற சாமான். நடுவில் சுவர் கிடையாது, ஈரம் கிடையாது. இருந்த ஈரத்தையும் அவனே ஐந்து நாள் வெயிலில் வைத்து விரட்டியிருந்தான். மருந்து கலக்கியவர் மகன் செய்கிற காரியமா இது?

ராமலட்சுமி மெல்லப் படியேறி வந்து அவன் பின்னால் நின்றாள்.

"இதைத்தான செண்பகத்துக்கு அனுப்புனீங்க?"

"ஆமா."

"எம்புட்டு?"

"இதைப் போல நூறு பங்கு இருக்கும்."

"அவ அதை என்ன செய்வா?"

வேல்ராஜ் துண்டுகளைப் பார்த்தபடியே சொன்னான்: "அரைப்பா."

"அட பாவி மனுசா!" அவள் குரல் உடைந்துவிட்டது. "பெறவு ஏன் இங்கன உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க. மொதல்ல போயி போனைப் போடுங்க!"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைச் சுற்றினான். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை ஓர் ஆண் குரல் எடுத்தது. ஆய்வகப் பொறுப்பாளராம். செண்பகவல்லி லீவில் போயிருக்கிறாள், திங்கட்கிழமைதான் வருவாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோவில்பட்டிப் பார்சல் வந்துவிட்டது, அவள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

வேல்ராஜ் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாகத் திறந்தான். வாய் திறந்த அந்த நேரத்தில் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிற கடிதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது வெடிக்கும் என்று இந்த மனிதரிடம் சொன்னால் குப்பியை அப்படியே தண்ணீரில் அமுக்கிவிடுவார்கள். படிவத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் யார் என்று பார்ப்பார்கள். துணையை மாற்றி, புதிதாகச் செய்து, மறுபடி வரிசையில் நின்று அளவெடுக்க மூன்று மாதம் ஆகும். முப்பத்தொன்றாம் தேதிக்கு முப்பத்தைந்து நாள்தான் இருந்தது.

"ஒன்றுமில்லை" என்றான். "பார்சல் வந்ததா என்று கேட்கத்தான்."

ரிசீவரை வைத்தபிறகு அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவள் திங்கட்கிழமை வரை அங்கே இல்லை. இல்லாதவள் எப்படி அரைப்பாள்? திங்கட்கிழமை காலையில் அவளையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் போகிறது. அதற்குள் என்ன குடியா முழுகிவிடும்?

வீட்டில் ராமலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ம். சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னா."

"அம்மா தாயே" என்று அவள் கட்டுப் போட்ட கையோடு கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அன்று மத்தியானமே கல்லூரிக்குப் போய், தன் அலமாரியில் மிச்சமிருந்த அரைக் கிராம் உப்பில் தண்ணீரை ஊற்றிக் கரைத்துக் கொட்டிவிட்டான். கையுறை போட்டுக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்தான். தன் கை, தன் கண் என்று வந்தால் எவ்வளவு நிதானம் பாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் முதல் இரண்டு மணி நேரம் அவனுக்கு வகுப்பு. லீவு போடலாமே என்று தோன்றியது, போடவில்லை. பதினொன்றரைக்குத்தான் பூத்துக்குப் போனான். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி! நானே ஒங்களுக்குப் போடணும்னு நெனைச்சேன். காலையில ஆறு மணிக்கே வந்து மெஷின்ல ஏத்திட்டேன். ஒரு துளி எடுத்து அப்பிடியே போட்டேன், அரைக்கக்கூட இல்ல. கிராஃப் வந்துட்டு!"

"வந்துட்டா?"

"என்ன அழகாட்டு வந்திருக்குங்கீங்க! முப்பத்தஞ்சுல ஏறுது, இருபத்தாறுல எறங்குது. நடுவுல தொட்டில் மாதிரி வளைவு. எங்க பெரியவரே நின்னு பாத்துட்டு, கோவில்பட்டியிலயா செஞ்சாங்கன்னு கேட்டாரு. எனக்கு ஒரே பெருமையாப் போச்சு."

வேல்ராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எட்டு வருஷம். எத்தனை காப்பி, எத்தனை டாக்டரே. கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டயபுரம் பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் போகிற அத்தனை பேரையும் இறக்கி இந்தச் சேதியைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"லைட் டெஸ்ட் நாளைக்கு" என்றாள் செண்பகவல்லி. "இன்னைக்குச் சாயங்காலம் மிச்சத்தை அரைச்சு வச்சிருதேன். லைட்டுலயும் வந்துட்டுன்னு வைங்க, அண்ணாச்சி, ஒங்களைப் பிடிக்க முடியாது."

"செண்பகம்..."

"சொல்லுங்க."

ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வெடிக்கும் என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைச் சொன்னால் அவள் அரைக்க மாட்டாள். அரைக்காவிட்டால் ஒளிச் சோதனை இல்லை. தொட்டில் வளைவு மட்டும் இருந்தால் பாதி ஆய்வேடு. ஒளியும் சேர்ந்தால் நாலு டாக்டர்களும் எழுந்து நிற்பார்கள்.

"அரைக்கும்போது கொஞ்சம் பாத்து அரை. மெதுவா."

அவள் கலகலவென்று சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, வெளியூர்க்காரிக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதீங்க? மருந்து ரூம் வாசல்ல தவழ்ந்து வளந்தவ நானு. ஒங்க சாது உப்பு என்னைய என்ன செஞ்சிரும்?"

"அதுக்கில்ல..."

"வைக்கட்டா? மெஷினுக்கு ஹீலியம் ஊத்துத ஆளு வந்துட்டாரு. கிராஃபைத் தபால்ல அனுப்புதேன். மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். வேல்ராஜ் ரிசீவரைப் பிடித்தபடி நின்றான். திரும்பச் சுற்ற ஒரு நிமிஷம் ஆகாது. சுற்றவில்லை. கல்லூரிக்குத் திரும்பி நடக்கும்போது, 'பாத்து அரைன்னு சொல்லிட்டம்லா, சொல்லாம ஒண்ணும் இல்லையே' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான். எதிரே சைக்கிளில் வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தான். புதன்கிழமை பூத்துக்குப் போய்ச் சுற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வியாழக்கிழமை யாரோ எடுத்தார்கள். செண்பகவல்லி என்றதும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வேறு யாரையோ கூப்பிடும் சத்தம். அந்த வேறு யாரோ வருவதற்குள் வேல்ராஜ் ரிசீவரை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பூத் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியிருந்தால் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போனான்.

சுப்புத்தாய் வீடு பூட்டிக் கிடந்தது. மகளைப் பார்க்கப் பெங்களூருக்குப் போயிருக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. வேல்ராஜும் கேட்கவில்லை.

"பிள்ளைக்கு நல்லதா ஏதும் அமைஞ்சிருக்குமோ?" என்றாள் ராமலட்சுமி. "மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்திருப்பாங்களோ?"

"இருக்கும்" என்றான் வேல்ராஜ்.

அவன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டே இருந்தான். ஐந்தாம் அத்தியாயத்தில் கிராஃப் ஒட்டுவதற்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டான். பங்குனித் திருவிழாவுக்குத் தெருமுனையில் வேட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் அவன் பேனா காகிதத்தில் ஒரு கோடு இழுத்தது. சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. பட்டம் வாங்கப் போகிற கவலை என்று ராமலட்சுமி இரண்டு தோசை கூடுதலாகப் போட்டாள்.

மார்ச் இருபத்தி மூன்றாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் கல்லூரி விட்டு வந்தபோது ராமலட்சுமி நடுவீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குமாறு பாதி கூட்டியபடி கிடந்தது. மடியில் கிழித்த கவர் இருந்தது.

"செண்பகத்துக்கிட்ட இருந்து கடுதாசி வந்திருக்கு" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "அவ கையெழுத்து இல்ல. அவ சொல்லச் சொல்ல வேற யாரோ எழுதியிருக்காவ."

வேல்ராஜ் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"அரைச்சிருக்கா. வெடிச்சிட்டு."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். ராமலட்சுமி கடிதத்தைப் பிரித்தாள்.

"விசாரணை வச்சாங்களாம். நாந்தான் அழுத்தி அரைச்சிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாளாம். ஒங்க கடுதாசியை யாருக்கும் காட்டலையாம். அண்ணாச்சி பேரு எங்கயும் வராது, பயப்படாதீங்கன்னு எழுதியிருக்கா."

வேல்ராஜுக்கு அப்போது மூச்சு வந்தது. வரக் கூடாதுதான். வந்தது.

"லைட் டெஸ்ட் செய்ய முடியலைன்னு மன்னிப்பு வேற கேட்டிருக்கா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேக்கா. போன்ல பாத்து அரைன்னு சொன்னீங்கள்லா அண்ணாச்சி, அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா? அதை மட்டும் சொன்னீங்கன்னா எம்மனசு ஒரு வழிக்கு வரும்ங்கா." ராமலட்சுமி இப்போதுதான் அவனைப் பார்த்தாள். "எங்கிட்ட, சொல்லிட்டேன், அவ சரின்னான்னு சொன்னீங்களே?"

"குடு இங்க. நான் பதில் எழுதுதேன்" என்று கையை நீட்டினான்.

"நான் எழுதிட்டேன்."

"நீயா? என்ன எழுதுன?"

"நடந்ததை. கிண்ணம் எந்தத் தேதியில வெடிச்சுது, அன்னைக்கு நான் ஒங்களை எங்க போகச் சொன்னேன், நீங்க திரும்பி வந்து என்ன சொன்னீங்க. அம்புட்டும்."

"போட்டாச்சா?"

"மத்தியானத் தபால்லயே போயிட்டு."

"யாரு பேருக்குப் போட்ட? அவ பேருக்கா, ஆபீஸ் பேருக்கா?"

"அவ பேருக்குத்தான்."

வேல்ராஜ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பேருக்கு என்றால் பரவாயில்லை. அவள் நல்ல பிள்ளை, காட்ட மாட்டாள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"கவர்ல கிராஃப் ஏதும் வச்சிருக்காளா?"

ராமலட்சுமி கவரைக் கவிழ்த்தாள். நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. அதை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பிரித்தான். கறுப்பு மையில், ஒரு பிசிறு இல்லாமல், அவள் சொன்ன மாதிரியே தொட்டில் போன்ற வளைவு. ஏறுகிற கோடு, இறங்குகிற கோடு. ஓரத்தில் வேல்ராஜ், கோவில்பட்டி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. விரலால் ஒரு தரம் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான்.

ராமலட்சுமி எழுந்து நின்றாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கடுதாசி வந்திருக்குன்னேன். வெடிச்சிட்டுன்னேன். யாருக்குப் போட்ட, எப்பப் போட்டன்னு அத்தனையும் கேட்டீங்க. அவளுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்ல."

வேல்ராஜ் தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்... என்ன ஆச்சு?"

"அவகிட்டயே கேளுங்க" என்றாள் ராமலட்சுமி. "நம்பர் தெரியும்லா."